கோபன்ஹேகனில் இறங்குவதா, பில்லுண்டில் இறங்குவதா?

பிள்ளைகளைப் பார்க்க டென்மார்க் செல்லும் வணிகக் குடும்பங்களுக்குச் சில விவரங்கள்

விருதுநகரில் உளுந்து மூட்டைக்கு நூறு ரூபாய் குறைவு என்று போன் வந்தால், உடனே "ஏற்றி அனுப்புங்கள்" என்று சொல்லிவிடும் வியாபாரி கடலூர் முதுநகரிலும் இல்லை, சிதம்பரத்திலும் இல்லை. லாரி வாடகை என்ன, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி என்ன, தரகு எவ்வளவு, எடைக்குறைவு எவ்வளவு போகும் என்று மனக்கணக்குப் போடுவார். கடை வாசலில் வந்து இறங்கும்போது மூட்டை என்ன விலைக்கு நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பதில் சொல்வார். அதற்குப் பெயர் அடக்க விலை. பொட்டலம் மடிக்க உட்கார்ந்த சிறு பையனுக்கும் இது தெரியும்.

இதே வியாபாரி, வெளிநாட்டில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் புறப்படும்போது மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார். "சென்னையிலிருந்து டிக்கெட் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு பேரம் முடிந்துவிடுகிறது. விமானம் எந்த ஊரில் இறக்கும், அங்கிருந்து பிள்ளையின் வீடு எத்தனை கிலோமீட்டர், ரயிலா பஸ்ஸா, அறுபது வயதுக்கு மேல் மொழி தெரியாத ஊரில் பெட்டியை யார் தூக்குவது என்பதெல்லாம் டிக்கெட் கைக்கு வந்த பிறகு எழும் கேள்விகளாகிவிடுகின்றன. மூட்டை வந்து இறங்கிய பிறகு லாரி வாடகை கேட்பது போலத்தான் இது.

நம் கடைவீதிகளில் பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் இன்று பல. துபாய், சிங்கப்பூர் என்றால் வழி சொல்ல நாலு பேர் இருப்பார்கள். ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் சொல்ல ஆள் குறைவு. ஆகவே டென்மார்க்கை எடுத்துக்கொண்டு விவரமாகப் பார்க்கலாம். மற்ற வட நாடுகளுக்கும் கணக்கு இதே கணக்குத்தான்.

டென்மார்க் நம் வட்டாரத்துக்குப் புது உறவு அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிதம்பரத்திலிருந்து தெற்கே சீர்காழி வழியாகப் போனால் தரங்கம்பாடி. 1618ல் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்களுடன் புறப்பட்ட ஓவ் யெட்டே என்ற இளம் தளபதி, 1620ல் இக்கரைக்கு வந்து, தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று அங்கே கோட்டை கட்டினார். அவர்கள் தேடி வந்தது மிளகு. அதாவது நம் சரக்கு. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதிக் கொடுத்த ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையிலும் டேனியர் வர்த்தகம் செய்தனர். 1845ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதன் பிறகும் டேனிஷ் மிஷன் நம் மாவட்டத்துக்கு வந்து பணியாற்றியது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த மிஷனின் வழி வந்ததே.

யெட்டேவுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்த வழி, இன்று நமக்குப் பதினைந்து பதினாறு மணி நேரம். கடைசி ஐம்பது, நூறு கிலோமீட்டரில்தான் இன்றும் ஆள் திண்டாடுகிறார்.

எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள்

வரைபடத்தில் பார்த்தால் டென்மார்க் ஒரே துண்டாக இல்லை. தலைநகர் கோபன்ஹேகன் கிழக்கு ஓரத்தில், சீலண்ட் என்ற தீவில் இருக்கிறது. நடுவே ஃபியூன் என்று ஒரு தீவு. மேற்கே, ஜெர்மனியோடு நிலத்தால் ஒட்டியிருக்கும் ஜட்லண்ட் தீபகற்பம். சீலண்டுக்கும் ஃபியூனுக்கும் இடையில் உள்ள கடலை ரயில் 1997ல்தான் தாண்டியது. கார், லாரிக்குப் பாலம் 1998ல் திறந்தார்கள். அதற்கு முன்னால் எல்லாம் படகுதான்.

இந்தப் பூகோளம் நமக்கு எதற்கு என்றால், டென்மார்க் தமிழர்களில் பெரும்பகுதியினர் தலைநகரில் இல்லை. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களை அந்த நாடு பல சிற்றூர்களில் பரப்பிக் குடியமர்த்தியது. ஜட்லண்டில் ஹெர்னிங் போன்ற ஊர்களில் அவர்கள் வேரூன்றினார்கள். ஹெர்னிங்கில் சித்தி விநாயகர் கோயில் இருக்கிறது. பிராண்டே என்ற சிற்றூரில் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் திருக்கடையூரில் அபிராமியைக் கும்பிட்ட நமக்கு, டேனியரின் நாட்டிலும் அபிராமி என்பது கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. இந்த ஊர்ப் பக்கம் சம்பந்தம் செய்த குடும்பங்களும், வேலைக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரும் "டென்மார்க் என்றால் கோபன்ஹேகன்" என்று டிக்கெட் எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

சிதம்பரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள் ஹெர்னிங்கில் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோபன்ஹேகன் டிக்கெட் தலைக்கு ஆறாயிரம் ரூபாய் குறைவு என்று ஏஜெண்டு சொல்கிறார். கணவன் மனைவி இருவருக்கும் பன்னிரண்டாயிரம் மிச்சம், எடுத்துவிடுகிறார்கள். கோபன்ஹேகனிலிருந்து ஹெர்னிங் ஏறக்குறைய 300 கி.மீ. சென்னையில் இறங்கிக் கும்பகோணம் போவது போன்ற தூரம். ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அவர்கள் ஊர் ரயில் கட்டணத்தை நம் பாசஞ்சர் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவே கூடாது. "நீங்கள் ரயிலில் வர வேண்டாம், நான் காரில் வருகிறேன்" என்று மருமகன் புறப்பட்டால் போகவர 600 கி.மீ. பெட்ரோல், கடல் பாலத்துக்கு இரண்டு தடவை சுங்கக் கட்டணம், அவருக்கு ஒரு நாள் சம்பளம். பன்னிரண்டாயிரம் மிச்சம் எங்கே போயிற்று என்று பேரேட்டில் தேட வேண்டியதுதான்.

அவர்களுக்கு ஏற்ற விமான நிலையம் பில்லுண்டு. பிளாஸ்டிக் கட்டை விளையாட்டுச் சாமான் செய்யும் லெகோ கம்பெனியின் ஊர். அந்தக் கம்பெனி தனக்கென்று போட்ட ஓடுதளம்தான் 1964ல் பொது விமான நிலையமாயிற்று. இன்று டென்மார்க்கின் இரண்டாவது பெரிய விமான நிலையம் அது. பிராங்பர்ட், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஊர்களில் மாறி பில்லுண்டுக்கு வரலாம். அங்கிருந்து பிராண்டே ஏறக்குறைய 30 கி.மீ., ஹெர்னிங் 60 கி.மீ.க்குள்.

பில்லுண்டிலும் ஒரு குறை உண்டு. விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. பஸ் பிடித்து, 30 கி.மீ.க்குள் இருக்கும் வைலே என்ற ஊருக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் பஸ் குறைவு. ஆகையால் பிள்ளைகள் கார் கொண்டுவர முடிகிற நாளாகவும் நேரமாகவும் பார்த்து டிக்கெட் எடுப்பது உத்தமம். இரவு பத்து மணிக்கு இறங்கும் விமானம் இருநூறு ரூபாய் குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

ஜட்லண்டின் பெரிய நகரமான ஆர்ஹுஸின் பெயரிலும் ஒரு விமான நிலையம் உண்டு. ஊருக்கும் அதற்கும் ஏறக்குறைய 40 கி.மீ. பஸ்ஸும் விமான நேரத்தை ஒட்டித்தான் ஓடும்.

பெயரில் ஏமாறுவது பற்றிச் சொன்னால், பக்கத்து நாடுகளை விட்டுவிட முடியாது. நார்வேயில் மலிவு விமானங்கள் சில "ஒஸ்லோ" என்ற பெயரைச் சேர்த்து விற்ற டோர்ப் விமான நிலையம், ஒஸ்லோவிலிருந்து 110 கி.மீ.க்கு மேல் தள்ளி சாண்டெஃபியோர்டு என்ற ஊரில் இருக்கிறது. சுவீடனில் "ஸ்டாக்ஹோம்" என்று பெயர் போட்ட ஸ்காவ்ஸ்டா, தலைநகரிலிருந்து சுமார் 100 கி.மீ. திண்டிவனத்தில் இறக்கிவிட்டு "சென்னை வந்தாயிற்று" என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா? சட்டப்படி அதில் தவறில்லை. பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் உண்மையான ஊர் பெயரும் இருக்கிறது. வாங்குகிறவர்தான் லேபிளைப் படிக்க வேண்டும்.

ஒஸ்லோவின் முக்கிய விமான நிலையமான கார்டர்மோன் 1998ல் திறந்தது. அதுவும் ஊருக்கு 50 கி.மீ. அளவு தள்ளித்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற அந்தத் தூரத்தை அங்கே விமான நிலைய விரைவு ரயில் சுமார் 20 நிமிடத்தில் கடக்கிறது. அதே தண்டவாளத்தில் அதே ஊருக்குச் சாதாரண ரயிலும் போகிறது. நேரம் நாலைந்து நிமிடம்தான் அதிகம். கட்டணமோ ஏறக்குறைய பாதி. விரைவு ரயிலின் விளம்பரம் கண்ணில் படுவது போலச் சாதாரண ரயிலின் பலகை படுவதில்லை. பளபளப்பான பாக்கெட்டுக்கும் மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் பருப்புக்கும் உள்ள வித்தியாசம் அது.

கோபன்ஹேகனில் இறங்கினால்

பிள்ளைகள் கோபன்ஹேகனிலேயே இருந்தால் வேலை மிகச் சுலபம். 1925ல் தொடங்கிய காஸ்ட்ரப் விமான நிலையம் நகரின் மையத்திலிருந்து சுமார் 8 கி.மீ.தான். உலகத்தில் இவ்வளவு பக்கத்தில் தலைநகர் விமான நிலையம் அமைவது அபூர்வம். மூன்றாவது முனையத்துக்குள்ளேயே ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன. ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் மத்திய ரயில் நிலையம். மெட்ரோவில் ஏறினால் அதே கால் மணி நேரத்தில் நொர்ரபோர்ட் என்ற நகர மைய நிறுத்தம். 2007ல் விமான நிலையம் வரை நீட்டிய இந்த மெட்ரோவுக்கு ஓட்டுநர் கிடையாது. இரவு பகல் 24 மணி நேரமும் ஓடுகிறது. ஒரே டிக்கெட் ரயில், மெட்ரோ, பஸ் மூன்றுக்கும் செல்லும். பிள்ளையின் வீடு எந்த நிறுத்தத்துக்குப் பக்கம் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் எதில் ஏறுவது என்ற குழப்பமே வராது.

இங்கே இரண்டு எச்சரிக்கை.

முதலாவது, நிலையத்துக்குள் நுழைய கேட்டும் இல்லை, டிக்கெட்டைக் கேட்க வாசலில் ஆளும் இல்லை. கதவு திறந்திருக்கிறது என்று ஏறிவிடக் கூடாது. உள்ளே பரிசோதகர் வருவார். தெரியாது, வயதானவர், இன்றுதான் வந்தேன் என்று சொன்னாலும் அபராதம் போடுவார்கள். அது டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு. இயந்திரத்தில் வங்கி அட்டையைக் காட்டி டிக்கெட் எடுக்கலாம். அந்த நாட்டுப் பணம் குரோனர், யூரோ அல்ல. ஐரோப்பா முழுக்க யூரோதான் என்று நினைத்து யூரோ நோட்டாக மாற்றிக்கொண்டு போகிறவர்கள் இரண்டாவது தடவையும் மாற்றுக் கமிஷன் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, அந்த ரயில் நிலையத்தில் ஒரு பக்கம் போகும் ரயில் கோபன்ஹேகனுக்கு. மறுபக்கம் போகும் ரயில் கடலைத் தாண்டிச் சுவீடன் நாட்டுக்கு. 2000ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று திறந்த ஓரெசுண்ட் பாலம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. திசை மாறி ஏறினால் அரை மணிக்குள் மால்மோ நகரத்தில், வேறு நாட்டில் நிற்பீர்கள். விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும் என்பதால் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் சுவீடன் பக்கம் பாஸ்போர்ட் கேட்பதுண்டு. அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டக் கூடாது. பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். நாம் ஆங்கிலத்தில் "சி"யில் தொடங்கி எழுதும் கோபன்ஹேகன், அவர்கள் பலகையில் "கே"யில் தொடங்கும். உச்சரிப்பும் வேறு. பிள்ளைகளிடம் அவர்கள் மொழி எழுத்திலேயே ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பச் சொல்லி, அதைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இதன் மறுபக்கமும் உண்டு. பிள்ளை சுவீடனில் மால்மோவிலோ லுண்டிலோ வேலை பார்த்தால், ஸ்டாக்ஹோம் டிக்கெட் எடுக்க வேண்டாம். அவருக்குக் கோபன்ஹேகன்தான் பக்கத்து விமான நிலையம். நாட்டின் பெயரைப் பார்த்து டிக்கெட் எடுத்தால் அவர் 600 கி.மீ. தள்ளிப் போய் உங்களை அழைத்துவர வேண்டியிருக்கும்.

கோபன்ஹேகனில் இறங்கி ஜட்லண்டுக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரு குறிப்பு. டி.எஸ்.பி. என்ற அவர்கள் அரசு ரயில்வேயில் "ஆரஞ்சு" என்ற பெயரில் முன்பதிவுச் சலுகை டிக்கெட் உண்டு. விலை வெகுவாகக் குறையும். ஆனால் எந்த ரயிலுக்கு எடுத்தோமோ அந்த ரயிலுக்கு மட்டும்தான் அது செல்லும். விமானம் தாமதமானால் டிக்கெட் வீண். வந்து இறங்கும் நாளில் இதை நம்பக் கூடாது. திரும்பும் நாளில் தாராளமாக எடுக்கலாம். 65 வயது நிரம்பியவர்களுக்குத் தனிச் சலுகையும் இருக்கிறது. ரயிலில் "அமைதிப் பெட்டி" என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். கடையில் நாலு கட்டு தள்ளி நிற்கும் பையனைக் கூப்பிட்டுப் பழகிய நம் குரலுக்கு அந்தப் பெட்டி ஒத்துவராது; பார்த்து உட்காருங்கள்.

டாக்சிக்கு அங்கே பேரம் கிடையாது, மீட்டர்தான். நாலு பேராக, பெட்டி நிறைய, நள்ளிரவில் என்றால் தவிர, வேண்டியதில்லை.

நடுவில் மாறும் ஊர்

சென்னையிலிருந்து டென்மார்க்குக்கு நேர் விமானம் இல்லை. நடுவில் ஒரு தடவையாவது மாற வேண்டும். துபாய், தோஹா வழி ஒன்று. பிராங்பர்ட் வழி ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 29 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரே விசா வைத்திருக்கின்றன. ஷெங்கன் விசா என்பது அதன் பெயர். 180 நாளில் 90 நாள் தங்கலாம். அந்த நாடுகளில் எங்கே முதலில் கால் வைக்கிறீர்களோ அங்கேதான் பாஸ்போர்ட் பரிசோதனை. துபாய் வழியாகப் போனால் அது கோபன்ஹேகனில் நடக்கும். வெளியே பிள்ளை காத்திருப்பார், அவசரம் இல்லை. பிராங்பர்ட் வழியாகப் போனால் பிராங்பர்ட்டிலேயே நடக்கும். அடுத்த விமானத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும். 2025 அக்டோபர் முதல் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யும் முறையும் வந்துவிட்டதால் வரிசை நீளலாம். பிராங்பர்ட்டில் இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம்தான் என்றால் வயதானவர்களுக்கு அது போதாது. இரண்டரை, மூன்று மணி நேரம் இருக்கும்படி எடுங்கள்.

லண்டன் வழி மலிவு என்று சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். ஷெங்கன் விசா லண்டனில் செல்லாது. விமானம் மாறுவதற்கே இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா கேட்பார்கள். சிலருக்கு மட்டுமே விலக்கு உண்டு. அதன் செலவும் அலைச்சலும் அடக்க விலையில் சேர வேண்டியவை.

எல்லா விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது மிக முக்கியம். சென்னை–பிராங்பர்ட் ஒரு டிக்கெட், பிராங்பர்ட்–பில்லுண்டு வேறு டிக்கெட் என்று பிரித்து எடுத்தால் சில ஆயிரம் குறையலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், புது டிக்கெட் உங்கள் தலையில். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. ஒரே பில்லில் வந்த சரக்குக்கும் இரண்டு லாரி மாறி வந்த சரக்குக்கும் யார் பதில் சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியாததா? சென்னையில் பெட்டியைப் போடும்போது, ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கோபன்ஹேகனுக்கு சி-பி-எச், பில்லுண்டுக்கு பி-எல்-எல்.

முழங்கால் வலி உள்ளவர்களும், ஆங்கிலம் பேசத் தயங்குபவர்களும் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வைக்கலாம். ஐரோப்பிய விமான நிலையங்களில் உடல் இயலாதவர்களுக்கு இந்த உதவி சட்டப்படி இலவசம். 48 மணி நேரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஆள் வந்து பாஸ்போர்ட் பரிசோதனை முதல் அடுத்த விமான வாசல் வரை கொண்டுபோய் விடுவார். நடக்கத் தெம்புள்ள ஆள் இதில் உட்காருவதற்குச் சிலர் கூச்சப்படுவார்கள். முழங்காலுக்குக் கூச்சம் தெரியாது.

பெட்டியில் என்ன

நம் வீட்டுப் பெண்கள் பிள்ளைக்கு முதலில் எடுத்து வைப்பது நெய். அது போகாது. இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய யூனியனுக்குள் பயணிகள் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். புதுக் கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்று 2019 டிசம்பர் முதல் விதி. வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், அன்னாசி, டூரியான் இவற்றுக்கு மட்டும் விலக்கு. சாம்பார் பொடி, மிளகாய்த் தூள், அரிசி வடகம் போன்ற உலர் சரக்குகளைக் கட்டிய பாக்கெட்டில், பெயர் எழுதி எடுத்துப் போவது நல்லது.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: மீன் இந்தத் தடையில் வராது. சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை மீனும் கருவாடும் கொண்டுபோகலாம். நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு அனுமதி! இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி, பக்கத்துப் பெட்டிக்காரர் சாபம் விடாதபடி கட்டிக்கொண்டு போக வேண்டியது உங்கள் பொறுப்பு.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் கோபன்ஹேகனில் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கும்போதுதான் குளிர் என்றால் என்னவென்று தெரியும்.

கடலூரிலிருந்து திரிசூலம் வரை

அங்கே பத்து நிமிடக் கணக்குப் பார்க்கும் நாம், இங்கே முதல் 170 கி.மீ.யை அசட்டையாக விட்டுவிடுகிறோம். சிதம்பரத்துக்காரர்களுக்கு இன்னும் 45 கி.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும். வாடகைக் கார் வைத்துக்கொண்டால் வசதிதான். இருவர் மட்டும் என்றால் ரயிலில் தாம்பரம் வரை வந்து, அங்கிருந்து புறநகர் ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம். சென்னை ஊருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. பஸ்ஸில் வருவோருக்கும், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு வழி சுருங்கியிருக்கிறது. அங்கிருந்து விமான நிலையம் 20 கி.மீ.க்குள். வெளிநாட்டு விமானங்கள் இப்போது 2023ல் திறந்த புது முனையத்திலிருந்து புறப்படுகின்றன.

மழைக்காலம்தான் கவலை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. நம் மாவட்டமும் அதற்கு முந்தைய மாதம் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் ஓடுதளத்தில் தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலுக்காக விமான நிலையத்தை மூடினார்கள். அது மறுநாள் திறந்துவிட்டது. ஆனால் டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, விழுப்புரம் வழி ரயில்கள் நின்றுபோயின. விமானம் பறக்கத் தயாராக இருந்தும் நம் ஊர்ப் பயணி போய்ச் சேர முடியாத நாள் அது. நவம்பர், டிசம்பரில் டிக்கெட் எடுத்தவர்கள் முதல் நாளே புறப்பட்டு தாம்பரம், பல்லாவரம் பக்கம் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குவது அதிகச் செலவு அல்ல. ஒரு இரவு வாடகைக்கும் இரண்டு டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள்.

திரும்பி வரும்போது விமானம் நள்ளிரவை ஒட்டி இறங்கினால் அவசரப்பட்டு வெளியே வந்து முதலில் கேட்கும் காருக்குத் தலையாட்ட வேண்டாம். மெட்ரோவும் புறநகர் ரயிலும் அதிகாலையில்தான் தொடங்கும். கிளாம்பாக்கம் வரை முன்பணம் கட்டும் டாக்சியில் போய்விட்டால் அங்கிருந்து கடலூர், சிதம்பரம் பக்கம் பஸ் கிடைக்கும். மூன்று மாதம் கழித்து வருகிறவர் பையில் குரோனர் இருக்கும், நம் பணம் இருக்காது. போகும்போதே கைப்பையின் உள் உறையில் ஆயிரம் ரூபாயைச் சில்லறை நோட்டாக வைத்துவிட்டுப் போங்கள்.